பூசணிக்கு 28 வேளை மருந்து

பூனைக்கு மருந்து கொடுப்பது பெரிய வேலை என்று சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். "வாயைத் திறந்து போட வேண்டியதுதானே!" என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் பூனைக்கு மருந்து கொடுத்தவர்கள் இல்லை என்று அடித்துச் சொல்லலாம். சென்னை ஓட்டேரிப் பக்கம் ஒரு வீட்டில் மூன்று பேர் சேர்ந்து ஒரு பூனைக்குப் பதினான்கு நாள் மருந்து கொடுத்தார்கள். நாளைக்கு இரண்டு வேளை, ஆக மொத்தம் 28 வேளை. அந்த 28 வேளையின் கணக்குதான் இது.

அந்த வீட்டில் ஓர் ஆயா, ஆயாவின் மகள், மகளின் மகன். மகள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறார். தெருவில் எல்லோரும் தையல்கார அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பையன் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். நான்காவது ஆள் பூசணி. பெயரைப் பார்த்தாலே நிறம் தெரிந்துவிடும். ஆரஞ்சு நிறக் கடுவன் பூனை. குட்டியாக மழையில் நனைந்து வந்தது, அப்படியே தங்கிவிட்டது. சாப்பாடு ஆயாவிடம், தூக்கம் மெஷினுக்குக் கீழே வெட்டுத்துணிக் குவியலில். அக்கா பெடலை மிதிக்க மிதிக்க, அதன் வாலும் கூடவே ஆடும். ராத்திரி வேலை முடிந்து அக்கா காலை நீட்டி உட்கார்ந்தால் மடியில் ஏறிக்கொள்ளும். ஆயா எவ்வளவுதான் மீன் போட்டாலும் மடி மட்டும் அக்காவுடையதுதான். இதில் ஆயாவுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

2024 அக்டோபர் நடுவில் பெய்த மழை ஓய்ந்த பிறகு, ஒரு சனிக்கிழமை ராத்திரி பூசணி வெளியே போனது. ஞாயிறு முழுக்க வரவில்லை. திங்கட்கிழமை காலையில் வந்தது. சத்தம் போடாமல், யாரையும் பார்க்காமல், நேராகக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கவலை மீன் வைத்தார்கள். (சென்னையில் மத்தி மீனுக்குப் பெயர் கவலை! அன்றைக்கு அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது.) முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாலுக்குப் பக்கத்தில், இடுப்பில், எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். தொட்டால் அடுப்புச் சூடு.

வேறு கடுவனிடம் கடி வாங்கியிருக்கிறது. பூனையின் கோரைப்பல் ஊசி மாதிரி மெல்லியது, கூரானது. அது குத்திய இடத்தில் வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். ஓரிரண்டு நாளில் அந்தப் புள்ளி மூடிக்கொள்ளும். ஆனால் பல்லோடு சேர்ந்து பூனை வாயில் இருக்கும் கிருமிகளும் உள்ளே போயிருக்கும். பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா அவற்றில் முக்கியமானது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே அடுப்பு மூட்டியதுபோல, தோலுக்குக் கீழே சீழ் சேர ஆரம்பிக்கும். காய்ச்சல் வரும். கவனிக்காமல் விட்டால் கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகும். வெளியே சுற்றும் கடுவன்களுக்கு இது சகஜமாக வரும் நோய். சகஜம் என்பதால் சின்ன நோய் என்று ஆகிவிடாது.

அன்று ராத்திரி ஆயா ஒரு வைத்தியம் யோசித்தார். காய்ச்சல்தானே? தனக்கு வாங்கி வைத்திருந்த பாராசிட்டமாலில் கால் துண்டை உடைத்துக் கரண்டியில் பொடித்தார். மனுஷனுக்கு ஒரு மாத்திரை என்றால் பூனைக்குக் கால்! கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? பையன் எதற்கும் பார்க்கலாம் என்று செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, ஆயாவின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிக் கழுவும் தொட்டியில் போட்டான்.

மனிதர்களின் ஈரல் பாராசிட்டமாலை வேறொரு பொருளோடு இணைத்து வெளியே தள்ளிவிடும். அந்த வேலையைச் செய்யும் நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. மருந்து உள்ளேயே நின்று ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும். ரத்தம் இருக்கும், ஆனால் அதனால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. ஈறுகள் பழுப்பு நிறமாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். வீட்டில் பூனை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. பூனை சின்ன மனிதன் இல்லை. அதன் உடம்பு நடத்தும் வரவு செலவே வேறு.

ஆயா அன்றைக்கு வெகுநேரம் பேசவில்லை. "கொன்னுட்டிருப்பேனேடா..." என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையில் பூசணியை வைத்து, துப்பட்டாவால் கட்டி, ஆட்டோவில் வேப்பேரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மருத்துவமனை வாசலில் ஒரே வரிசையில் ஆடு, நாய், கிளி, பூனை என்று எல்லாம் நிற்கும். பூசணிக்கு மயக்க ஊசி போட்டு, முடியை மழித்து, வீக்கத்தைக் கீறி, சீழை வெளியேற்றிக் கழுவினார்கள். காயத்தைத் தைக்கவில்லை. தையல்கார அக்காவுக்கு இது ஆச்சரியம். "ஒரு தையல் போட்டுட்டா சீக்கிரம் ஆறாதாங்க?" என்று கேட்டார்.

"மூடினதாலதாம்மா இவ்வளவு சீழ் சேர்ந்தது. திறந்தே இருக்கட்டும், உள்ளேயிருந்து ஆறிக்கிட்டு வரணும்" என்றார் டாக்டரம்மா.

ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அமாக்ஸிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்தது. காலையும் இரவும், பன்னிரண்டு மணி நேர இடைவெளியில். காயத்தை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு போடச் சொன்னார்கள். ஆயாவின் முழங்கால் எக்ஸ்ரே பிலிம் வீட்டில் இருந்தது. பையன் அதை வட்டமாக வெட்டிக் கூம்பு செய்தான். ஓரம் கழுத்தை அறுக்காமல் இருக்க அக்கா துணி வைத்து பைப்பிங் அடித்துக் கொடுத்தார். ஆயாவின் முட்டி எலும்பு பூசணியின் முகத்தைச் சுற்றி ஒளிவட்டம் போல இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அந்த வாரத்தில் அவர்கள் சிரித்தது அதுதான் கடைசி!

முதல் வேளை. ஆயா மாத்திரையைப் பொடித்துச் சர்க்கரை போட்ட பாலில் கலந்து வைத்தார். பூசணி கிட்டப் போய் முகர்ந்தது, திரும்பிப் போனது. குழந்தைக்குத் தேனில் குழைத்துக் கொடுக்கிற உத்தி பூனையிடம் எடுபடாது. காரணம் எளிது. பூனைக்கு இனிப்பே தெரியாது. நாக்கில் இனிப்பை உணரும் வாங்கிக்குத் தேவையான ஒரு மரபணு பூனை இனத்தில் பழுதாகிக் கிடக்கிறது. அமெரிக்காவில் பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் 2005-இல் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இனிப்பு தெரியாத அந்த நாக்குக்குக் கசப்பு மட்டும் நன்றாகத் தெரியும். ஆயா போட்ட சர்க்கரை வீண், மாத்திரையின் கசப்பு மட்டும் மிச்சம்.

இரண்டாவது வேளை. பையன் காலைப் பிடிக்க, ஆயா தலையைப் பிடிக்க, அக்கா மாத்திரையைப் போட்டார். வாயெல்லாம் நுரை! வெள்ளை வெள்ளையாக நுரை தள்ளிக்கொண்டு பூசணி வீடு முழுக்க ஓடியது. ஆயா பயந்துபோய் "ஐயோ, விஷம் ஏறிப் போச்சுடி" என்று அலறினார். விஷமும் இல்லை, வெறியும் இல்லை. கசப்பு நாக்கில் பட்டால் பூனைக்கு எச்சில் அப்படித்தான் நுரைத்து ஊற்றும். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. ஆனால் மாத்திரை கட்டிலுக்குப் பின்னால் கிடந்தது.

மூன்றாவது வேளையும் அப்படியே போனது.

நான்காவது வேளை வியாழக்கிழமை காலை. இந்த முறை பூசணி பீரோ மேலே ஏறிக்கொண்டது. பையன் ஸ்டூல் போட்டு இழுத்து இறக்கினான். அக்கா வாயைத் திறந்த நேரத்தில் அது கடித்துவிட்டது. வலது கை ஆள்காட்டி விரல். இரண்டு புள்ளிதான், ஆனால் ஆழம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தீபாவளிக்கு அப்போது ஏழே நாள். அக்காவின் ஆர்டர் நோட்டில் நாற்பதுக்கு மேல் பிளவுஸ் பாக்கி. வருஷத்தில் அந்த ஒரு மாத வருமானத்தில்தான் பையனின் பீஸ், வீட்டு அட்வான்ஸ் பாக்கி எல்லாம். துணியைத் தள்ளி ஊசிக்குக் கொடுப்பது அந்த விரல்தான்.

குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவினார். பூசணிக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டதே இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் கடிபட்ட இடத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டு, ரேபிஸ் தடுப்பூசியும் ஆரம்பித்தார்கள். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு முறை. ஏழாம் நாள் எது என்று நோட்டில் எண்ணிப் பார்த்தால் அக்டோபர் 31, தீபாவளி! பூனையையும் பத்து நாள் கவனிக்கச் சொன்னார்கள். பூனைக் கடியில் விரல் பழுத்துவிடும் என்று அக்காவுக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். சீட்டைப் பார்த்துப் பையன் சிரித்துவிட்டான். பூசணிக்கு எழுதிய அதே மருந்து, அளவு மட்டும் பெரியது.

அன்று ராத்திரி பூசணிக்கு மருந்து கொடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அதுவும் கட்டிலுக்கு அடியை விட்டு வரவில்லை. யாராவது எழுந்து நின்றாலே காதை மடக்கிக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டியது. மூன்று நாளாகச் சரியான சாப்பாடு இல்லை. உடம்பு மறுபடி சுட ஆரம்பித்தது.

"உட்ருலாம்டி. அதுக்கு விதி இருந்தா பொழைக்கும். வாயில்லா ஜீவனை இப்படி இம்சை பண்ணிப் பாவம் சேக்கணுமா?" என்றார் ஆயா.

ஆயா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பயமும் ஒரு நோய்தான். பயந்துகொண்டே இருக்கும் பூனையின் உடம்பில் கார்ட்டிசால் என்ற சுரப்பு ஏறும், எதிர்ப்புச் சக்தி இறங்கும். சர்க்கரை நோயே இல்லாத பூனைக்குக்கூடப் பயத்தில் ரத்தச் சர்க்கரை எகிறிவிடும். முக்கியமாக, பயந்த பூனை சாப்பிடாது. சாப்பிடாத பூனை நாலைந்து நாளில் இன்னொரு ஆபத்தில் மாட்டும். உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலே செயலிழக்கும். ஆக, மருந்து கொடுக்காவிட்டால் சீழ் கொல்லும். மருந்து கொடுக்கிற விதம் தப்பானால் பயம் கொல்லும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருந்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி வேப்பேரி. அக்கா விரலில் கட்டோடு நடந்ததை ஒப்பித்தார். டாக்டரம்மா திட்டவில்லை. காயத்தைக் கழுவி, ஊசி போட்டுவிட்டு, "துப்பினதெல்லாம் கணக்குல வராது. இன்னைக்கு ராத்திரியிலிருந்து புதுசா பதினாலு நாள். முடியலைன்னா தினமும் கொண்டுவாங்க, ஊசியாவே போடறோம்" என்றார்.

தினமும் என்றால் தினமும் கூடை, ஆட்டோ, தீபாவளி நெரிசல், நாய்கள் குலைக்கும் வரிசை. ஏற்கனவே மூன்று ஆட்டோ சவாரியிலேயே பூசணி கூடைக்குள் மூத்திரம் போய், நாக்கை நீட்டி நாய் மாதிரி மூச்சு வாங்கியது. பூனை அப்படி மூச்சு வாங்கினால் பயத்தின் உச்சத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அக்கா கொஞ்சம் யோசித்தார். "வீட்லயே குடுக்கறேம்மா. எப்படின்னு மட்டும் காட்டுங்க" என்றார்.

அங்கே பயிற்சியில் இருந்த ஒரு மாணவி காட்டிக் கொடுத்தார். அவர் சொன்னவற்றைப் பையன் ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டான்.

பூனையைத் துரத்தக் கூடாது. துரத்த வேண்டியதாகிவிட்டால் அந்த வேளையை அரை மணி நேரம் தள்ளிப் போடலாம். முகத்துக்கு நேராக வரக் கூடாது, பின்பக்கமாக வர வேண்டும். மூன்று பேர் பிடிக்கக் கூடாது, ஒருவர் போதும். கனமான டவலை விரித்து, பூனையை நடுவில் வைத்து, குழந்தையைச் சுற்றுகிறாற்போல் நாலு காலையும் உள்ளே வைத்துச் சுற்ற வேண்டும். அதன் முதுகு நம் வயிற்றில் சாய்ந்திருக்க வேண்டும். இடது கையால் மேலிருந்து தலையைப் பிடித்து, கட்டைவிரலும் நடுவிரலும் கன்ன எலும்பில் இருக்குமாறு மூக்கை மேல்நோக்கித் தூக்கினால் கீழ்த்தாடை தானாகவே தளரும். வலது கை விரலால் முன்பல்லை அழுத்தித் திறந்து, மாத்திரையை நாக்கின் அடிப்பகுதியில், நட்டநடுவே போட வேண்டும். நாக்கு நுனியில் போட்டால் நுரைதான். வாயை மூடித் தொண்டையைத் தடவ வேண்டும். பூனை மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று அர்த்தம்.

உடனே ஊசி இல்லாத சிரிஞ்சில் ஐந்து மில்லி தண்ணீரைக் கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். இது ரொம்ப முக்கியம் என்று அடிக்கோடு போட்டிருந்தான். வெறும் மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் பாதி வழியில் அப்படியே நின்றுவிடும். டாக்ஸிசைக்ளின் போன்ற சில மாத்திரைகள் நின்ற இடத்தையே புண்ணாக்கி, குழாயைச் சுருக்கிவிடும். தண்ணீரைத் தொண்டைக்கு நேராகப் பீய்ச்சவும் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும்.

கடைசியாக அந்த மாணவி இன்னொன்று சொன்னார். "சாப்பாட்டுல மருந்தைக் கலக்காதீங்க. இப்ப இருக்கற நிலைமையில சாப்பாட்டையே வெறுத்துடும். அப்புறம் ஒண்ணு... மருந்து குடுக்கற கை ஒண்ணா இருக்கட்டும், சோறு வைக்கற கை வேற கையா இருக்கட்டும். ஒரு ஆளையாவது அது நம்பணும்."

ஆட்டோவில் திரும்பும்போது யாரும் பேசவில்லை. மூன்று பேருக்கும் ஒரே யோசனைதான். எந்தக் கை எது?

பையனால் ஒழுங்காகப் பிடிக்க முடியாது, அது நிரூபணம் ஆகிவிட்டது. மிச்சம் இரண்டு பேர். ஆயாவின் கை நடுங்கும், தாடையைத் திறக்கிற பலம் கிடையாது. அக்காவின் கை பழகிய கை. ஊசியில் நூல் கோக்கிற கை, ஒரு நூல் பிசகாமல் வெட்டுகிற கை. எப்படிப் பார்த்தாலும் கணக்கு ஒரே இடத்தில்தான் வந்து நின்றது.

"நீ சோறு வை. நான் மருந்து குடுக்கறேன்" என்றார் அக்கா, வீட்டு வாசலில் இறங்கியபோது.

ஆயா ஒன்றும் சொல்லவில்லை. மடி யாருடையது என்று அத்தனை நாள் வருத்தப்பட்டவர்தான்.

வீட்டில் மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. அதைப் படுக்கவைத்து, உள்ளே ஆயாவின் பழைய புடவையை விரித்து, கட்டிலுக்கு அடியில் வைத்தார்கள். ஒளிந்துகொள்ள இடம் கொடுப்பதும் மருந்துதான். நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் பத்துக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள். பெட்டி கிடைத்த பூனைகள் மற்றவற்றைவிடச் சீக்கிரமே பதற்றம் தணிந்தன. செலவே இல்லாத வைத்தியம்! நாமோ பூனை ஒளிந்தால் முதல் வேலையாக வெளியே இழுக்கத்தான் பார்க்கிறோம்.

அன்று ராத்திரி ஒன்பது மணி. புதுக் கணக்கில் முதல் வேளை. டிவியை அணைத்தார்கள். அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியை மெதுவாக இழுத்து, பின்னாலிருந்து டவலைப் போர்த்தினார். பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. பேரைச் சொல்லி மருந்து கொடுத்தால் பேரைக் கேட்டாலே ஓடும் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. விரல் கட்டோடு இருந்ததால் மாத்திரையை நடுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் பிடித்துக்கொண்டார். மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பூசணி மூக்கை நக்கியது. பையன் மூச்சை விட்டான்.

ஆர்டர் நோட்டில் இடது பக்கம் பிளவுஸ் அளவு, வலது பக்கம் 28 கட்டம். முதல் கட்டத்தில் டிக் விழுந்தது.

பத்து நிமிஷம் கழித்து ஆயா போய், மீனை லேசாகச் சூடு பண்ணி (சூடானால்தான் வாசம் வரும், வாசம் வந்தால்தான் பூனை தின்னும்) விரலில் தொட்டுக் கூம்புக்குள் நீட்டினார். அன்றைக்கு நக்கியது. மறுநாள் ஒரு துண்டு தின்றது. நான்காம் நாள் தட்டைக் காலி பண்ணியது. காய்ச்சல் இறங்கிவிட்டது. காயத்தின் உள்ளே இளஞ்சிவப்பாகச் சதை வளர ஆரம்பித்தது.

ஆனால் காய்ச்சல் இறங்கிய பூனைக்குப் பலம் வந்துவிடுகிறதே! பாதி நோயாளிக்கு மருந்து கொடுப்பதுதான் கஷ்டம். ஆறாவது, ஏழாவது வேளையில் ஆயா மறுபடி ஆரம்பித்தார். "அதான் துன்ன ஆரம்பிச்சிருச்சே, இன்னாத்துக்கு மாத்திரை?" பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-இல் நோபல் பரிசு வாங்கிய உரையிலேயே, மருந்தைக் குறைவான அளவில் கொடுத்தால் கிருமி சாகாது, மருந்தைத் தாங்கப் பழகிவிடும் என்று எச்சரித்திருக்கிறார். அக்காவுக்கு ஃபிளெமிங்கைத் தெரியாது. "டாக்டர் பதினாலு நாள்னா பதினாலு நாள்" என்று முடித்துவிட்டார். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "நீ மட்டும் உன் பிரஷர் மாத்திரையை ஒழுங்கா முழுங்கறியா? உனக்கும் டவல் சுத்தணுமா?" என்றார். ஆயாவின் மாத்திரைகள் சில பூந்தொட்டியில் கிடந்தது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

தீபாவளி வந்தது. பட்டாசுக்கு அரசு ஒதுக்கிய நேரம் காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு. 2018-லிருந்து இப்படித்தான். ஆனால் தெருவில் எந்தக் கடிகாரமும் அப்படி ஓடவில்லை. விடிகாலை நான்கரைக்கே சரவெடி. மனிதனுக்குக் கேட்பதைவிடப் பல மடங்கு நுட்பமாகக் கேட்கும் காது பூனையுடையது. பன்னிரண்டாவது வேளையை எப்படியோ கொடுத்துவிட்டு, அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்த் தன் மூன்றாவது ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தார். தீபாவளியன்று புதுப்புடவையோடு ஊசி போட்டுக்கொள்ளப் போனதைத் தெருவே பார்த்தது.

ராத்திரி ஒன்பது மணி. பதின்மூன்றாவது வேளை. வெளியே யுத்தம். பெட்டிக்குள் பூசணி பந்தாகச் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. கண் முழுக்கக் கருவிழி. பெட்டியைத் தொட்டாலே சீறியது. பையன், "அம்மா, இன்னைக்கு ஒரு வேளை விட்டுடலாமா?" என்றான்.

அக்கா விடவில்லை, கொடுக்கவும் இல்லை. காத்திருந்தார். ஜன்னலை மூடி, ஃபேனை வேகமாகச் சுழலவிட்டு, மெஷினில் உட்கார்ந்து வெறும் பெடலை மிதித்தார். துணி இல்லை, நூல் இல்லை. பூசணி குட்டியிலிருந்து கேட்டுத் தூங்கிய சத்தம் அது ஒன்றுதானே. பத்தரை ஆயிற்று. பதினொன்றும் ஆயிற்று. தெரு கொஞ்சம் அடங்கியது. பதினொன்றே காலுக்கு, பெட்டியை வெளியே இழுக்காமல், அக்கா தானே கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போனார். ஒருக்களித்துப் படுத்தபடியே டவலைப் போர்த்தி, இருட்டில் தடவித் தடவி மாத்திரையைப் போட்டு, சிரிஞ்சில் தண்ணீரும் விட்டார். வெளியே வந்தபோது புதுப்புடவை முழுக்கத் தூசி, ஒட்டடை. "நக்குச்சா?" என்றான் பையன். "என் கையிலயே நக்குச்சுடா" என்றார். டிக்.

நவம்பர் 8, வெள்ளிக்கிழமை காலை. இருபத்தெட்டாவது கட்டத்தில் டிக் விழுந்தது. காயம் மூடி, ரோமம் முளைக்க ஆரம்பித்திருந்தது. எக்ஸ்ரே கூம்பைக் கழற்றி வைத்தார்கள். ஆயா மறக்காமல் அதைத் துடைத்து மெத்தைக்கு அடியில் பத்திரப்படுத்தினார், முட்டி டாக்டர் கேட்பாராம்!

செலவுக் கணக்கும் அந்த நோட்டிலேயே இருக்கிறது. மூன்று முறை போய்வந்த ஆட்டோவுக்கு 900 ரூபாய். விரல் காரணமாகத் திருப்பிக் கொடுத்த பிளவுஸ் ஆறு, ஒன்றுக்கு 350 வீதம் 2,100. மாத்திரை, சிரிஞ்ச், மீன் தனி. வரவுப் பக்கத்தில் ஒரு பூனை.

ஆனால் நோட்டில் எழுதாத ஒன்றும் உண்டு. பூசணி அக்காவிடம் வருவதில்லை. அக்கா எழுந்தால் அது எழும். டவலை உதறினால் பீரோ மேல். ராத்திரி மடியென்றால் இப்போது ஆயாவின் மடி. சோறு வைத்த கையையும் மாத்திரை கொடுத்த கையையும் அது மிகச் சரியாகப் பிரித்து வைத்திருந்தது. யார் காப்பாற்றினார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? அதன் கணக்கில் அக்கா 28 தடவை வந்து பிடித்த ஆள், அவ்வளவுதான். ஆயாவுக்கே இது பொறுக்கவில்லை. "நீ ஒரு நாள் மீன் வையேன்டி" என்று தட்டை நீட்டினார். "வேணாம்மா, இப்ப போய்க் குழப்ப வேணாம். வயித்துக்குத் துன்னுதுல்ல, அது போதும்" என்று அக்கா மெஷினைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நவம்பர் 21-இல் நான்காவது ஊசியும் முடிந்தது. விரல் மடங்க இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

கார்த்திகை தீபத்துக்குப் பிறகு ஒரு ராத்திரி. அக்கா அவசர ஆர்டர் ஒன்றுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். மெஷினுக்குக் கீழே வெட்டுத்துணி சரசரத்தது. குனிந்து பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கணுக்காலில் ஏதோ சூடாகப் பட்டது. கையை நீட்டித் தடவ எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும்! நீட்டவில்லை. பூசணி அங்கேயே தூங்கிவிட்டது. கொக்கி வைத்து முடித்த பிறகும், பையன் வந்து விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்கும்வரை, அக்கா காலை அசைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.